தந்திக் கம்பியில் வளர்ந்த பவளம்

கடலில் 300 பாகத்துக்கு, அதாவது சுமார் 550 மீட்டருக்குக் கீழே உயிர்ப் பிராணியே இராது என்று 1843-ல் எட்வர்டு ஃபோர்ப்ஸ் சொன்னார். பெரிய அறிஞர், பலரும் நம்பினார்கள்.

1860-ல் சார்டீனியாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் இடையே பழுதாகிக் கிடந்த தந்திக் கம்பியைக் கடலிலிருந்து இழுத்தார்கள். 1,000 பாகத்துக்கும் அடியில் கிடந்த பகுதியில் பவளம் வளர்ந்திருந்தது! வலையில் வந்த பிராணியென்றால், வழியில் எங்கோ சிக்கியது என்று தட்டிக் கழிக்கலாம். கம்பியைப் பற்றிக்கொண்டு வளர்ந்ததை என்ன சொல்வது?

ஆழத்தில் இன்னும் என்னென்ன உண்டு என்று பார்க்க, 1872 டிசம்பரில் 'சாலஞ்சர்' கப்பல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டது. மூன்றரை வருஷப் பிரயாணம். அதில் பவளங்களை ஆராய்ந்தவர் மோஸ்லி. அவர் எழுதி வைத்திருப்பதில் எனக்குப் பிடித்தது இது: ஆரம்பத்தில் வலை மேலே வந்தால் கப்பலே திரண்டு நிற்குமாம். போகப் போகக் கூட்டம் கரைந்தது. சாப்பாட்டு வேளையில் வந்தால் விஞ்ஞானிகளிலேயே சிலரைக் காணோமாம்! 1875-ல் அவருடைய சகா வில்லிமோஸ்-சூம் 28 வயதில் பசிபிக் கடலில் இறந்துபோனார்.

மறு வருஷம் பிளாட்டா நதி முகத்துக்கு அப்பால் 600 பாகத்திலிருந்து சில கிளைகள் வந்தன. அன்று மோஸ்லி சாப்பிட்டாரோ என்னவோ! பவளமென்றே எண்ணப்பட்டிருந்த அவற்றை வெட்டி ஆராய்ந்து, அவை ஹைட்ராவின் உறவு என்று காட்டினார்.