தின்னர்

'மெல்லிய' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லில் பிறந்தது 'தின்னர்'. மெலிதாக்கும் எதுவும் தின்னர்தான். நம் பெயின்ட் கடைகளில் கேட்டால் பெரும்பாலும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரைத் தருவார்கள்; டொலுயீன் போன்றவை கலந்த அது, மாடல் விமானத்தின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனையே இளக்கிவிடும். 'கரைப்பான்' என்று தமிழில் சொன்னால் போதாதா என்று கேட்கலாம். போதாது. வல்லேஹோ போன்ற நிறுவனங்களின் அக்ரிலிக் பெயின்டில் பிசின் கரைந்திருப்பதில்லை, நுண்துகள்களாக நீரில் மிதக்கிறது; கூடுதல் நீர் அவற்றை இன்னும் விலக்கிவைக்கிறது, அவ்வளவே. அதில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஊற்றினால் பிசின் திரண்டு, கிண்ணத்தில் கட்டிதட்டிப் போகும். தாமியா அக்ரிலிக்கோடு அதே ஆல்கஹால் நன்றாகக் கலக்கும். அந்நிறுவனத்தின் எக்ஸ்-20ஏ தின்னரிலேயே அது உண்டு. எனவே வெறுமனே தின்னர் என்று கேட்காதீர்கள். பெயின்டின் பெயரைச் சொல்லி, அதற்குரியதைக் கேளுங்கள்.