கணக்கில் ஏறிய கம்பளி, கணக்கில் ஏறாத பின்னல்

பதுளை நகரிலிருந்து நமுனுகுலை மலையை நோக்கி ஏறும் வழியில் ஸ்பிரிங்வெளி அமைந்துள்ளது. பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நமுனுகுலையின் உச்சியோ 2,036 மீற்றர். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட சரிவுகளிலேதான் நம் மக்களின் வாழ்வும் சாவும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்தேறி வந்துள்ளன. ஆடி, ஆவணி மாதங்களில் ஊவாவின் மலைகளில் வீசும் வறண்ட காற்று தேயிலைக்குத் தனியொரு மணத்தைத் தருகிறது. அம்மணத்தை இலண்டன் வணிகர் அறிவர். விலை மதிப்பிட்டு எழுதியும் வைத்துள்ளனர். ஆனால் ஐப்பசியில் தொடங்கி மார்கழி, தை வரை நீளும் வடகீழ்ப் பருவமழையில், விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்ற பெண்ணின் மேனியை மூடியிருந்தது எது? அதை யார் நெய்தார்? யார் விலை கொடுத்தார்? இக்கேள்விகளை எழுப்பியோர் மிகச் சிலரே.

தேயிலையின் வரலாற்றை இறாத்தலிலும் பவுணிலும் எழுதியிருக்கிறார்கள். நாம் அதை ஒரு நூலிழையைப் பற்றிக்கொண்டு பார்க்க முயல்வோம்.

தோட்டத்துப் பழைய வாழ்க்கையில் கம்பளி என்பது வெறும் போர்வையன்று. மழைக்கு அது குடை. கொழுந்துக் கூடையின் கயிறு நெற்றியை அறுக்காதபடி தலையில் மடித்து வைக்கும் சும்மாடும் அதுவே. இரவில் லயத்துக் காம்பராவில் தாயும் பிள்ளையும் சேர்ந்து போர்த்திக்கொள்ளும் போர்வையாகவும் அது இருந்தது. வடமொழியின் 'கம்பளம்' தமிழில் கம்பளியாகி, தோட்டத் துரைமாரின் ஆங்கிலக் கணக்கேடுகளிலும் 'கம்ப்ளி' என்றே புகுந்துவிட்டது. அச்சொல்லை மாற்றாமலே எடுத்துக்கொண்டவர்கள், பொருளுக்குரிய விலையைத் தொழிலாளியின் பேரிலேயே பற்றெழுதினார்கள். அரிசியைப் போலவே கம்பளியும் தோட்டத்திலிருந்து வழங்கப்பட்டுப் பின்னர் கூலியிலிருந்து கழிக்கப்படுவது பல தோட்டங்களின் வழக்கமாயிருந்தது. குளிரிலிருந்து தப்புவதற்கும் மனிதன் கடன்பட வேண்டியிருந்தது.

அக்கடனின் தன்மை நாம் அறிந்ததே. திருச்சி, சேலம், தஞ்சை, மதுரை, இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்களிலிருந்து மக்களைத் திரட்டி வந்த கங்காணி, வழிச்செலவை முன்பணமாகக் கொடுத்தான். அது தோட்டத்துக்கு வந்து சேருமுன்னரே கடனாகக் காத்திருந்தது. கடன்தொகையைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டைக் கொண்டு, ஒரு தோட்டத்து ஆட்களை மற்றொரு தோட்டத்துக்கு மாற்றிவிட முடிந்தது. கடனைத் தீர்க்கும் துரையிடம் ஆட்கள் போய்ச் சேர்ந்தார்கள். 1921 ஆம் ஆண்டில்தான் துண்டுமுறை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. குறைந்தபட்சக் கூலிக்கான சட்டம் 1927 இல் வந்தது. அதன்படி 1929 இல் மேல்நாட்டுத் தோட்டங்களுக்கு விதிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். மழை இருவர் மீதும் ஒரே அளவாகத்தான் பெய்தது.

இனி, அந்தக் கம்பளியை நெய்தவர் யார் என்பதைப் பார்ப்போம். தென்னிந்தியாவில் கறுப்புக் கம்பளி நெய்வது ஆடு மேய்க்கும் குரும்பர்களின் பரம்பரைத் தொழில். பெல்லாரி, மைசூர்ப் பகுதிகளிலும் தமிழகத்தின் வடமாவட்டங்களிலும் அவர்கள் தம் ஆடுகளின் மயிரைக் கத்தரித்து, நூற்று, தறியிலிட்டு நெய்தார்கள். மயிரால் நெய்த ஆடை தமிழர்க்குப் புதிதன்று. மதுரையின் அறுவை வீதியில் பருத்தி நூலாலும் மயிராலும் பட்டாலும் நெய்த துணிகள் அடுக்கடுக்காக இருந்தமையைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. துணையில்லாத பெண்கள் தம் முயற்சியால் நுண்ணூல் நூற்று வாழ்ந்ததை நற்றிணை அறியும். ஆகவே, நூல் என்பது நம் பண்டைப் பெண்களுக்குப் பொழுதுபோக்காக இருக்கவில்லை; அது அவர்களுடைய சோறு.

அந்தச் சோறு எப்போது பறிபோயிற்று? 1800-1801 ஆம் ஆண்டுகளில் மைசூர், கோயம்புத்தூர்ப் பகுதிகளில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், ஏழைக் குடும்பப் பெண்கள் வீட்டிலிருந்தே பஞ்சு நூற்பதைத் தம் நூலில் பதிவு செய்தார். அவர் சென்ற பின் ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்குள் இலங்காஷயர் ஆலைகளின் நூலும் துணியும் தென்னாட்டுச் சந்தைகளை நிரப்பின. நெசவாளன் ஓரளவு தாக்குப் பிடித்தான். ஆலை நூலை வாங்கியாவது தறியை ஓட்டினான். கையால் நூற்ற பெண்ணுக்கோ போக்கிடமில்லை. நிலமற்ற குடும்பத்தின் வருவாயில் அவள் சேர்த்துவந்த சில காசுகள் நின்றுபோயின. பின்னர் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சம் வந்தது. இலங்கைக்குப் புறப்பட்ட கூட்டம் அக்காலத்தில் பெருகியது.

தோட்டத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் உழவுத் தொழிலாளர், நெசவாளர் அல்லர். எனினும், அவர்களுடைய வீடுகளிலும் ஒருகாலத்தில் இராட்டை இருந்தது. இராட்டை நின்றதற்கும் கப்பலேறியதற்கும் இடையில் ஒரு தொடர்பு உண்டு. மண்ணும் கடனும் சாதியும் அவர்களை வெளியே தள்ளின. வீட்டிலிருந்து செய்யக்கூடிய ஒரே தொழிலும் அற்றுப்போனது அத்தள்ளுதலுக்கு வலுச் சேர்த்தது. நூலை இழந்த விரல்கள் கொழுந்துக்குப் பழகின.

இத்தொடர்பை வரலாறு ஒருமுறை நம் கண்முன்னே நிறுத்திக் காட்டிற்று. 1927 நவம்பரில் காந்தியடிகள் இலங்கைக்கு வந்தார். கதர் நிதி திரட்டுவதே அப்பயணத்தின் நோக்கம். பதுளைக்கும் அவர் வந்தார். தோட்டத் தொழிலாளர் தம் கூலியிலிருந்து காசு சேர்த்து அவரிடம் கொடுத்தனர். தாயகத்துக் கிராமங்களில் நூற்கும் பெண்களுக்கு வேலை கிடைப்பதற்காக, அக்கிராமங்களில் வேலையற்று வெளியேறியவர்களின் மக்கள் பணம் கொடுத்தார்கள்! கொடுத்தவர்களின் உடம்பில் கடனுக்கு வாங்கிய கம்பளி. இதைவிடப் பெரிய ஈகையும், இதைவிடக் கூரிய குற்றச்சாட்டும் வேறென்ன வேண்டும்?

நெசவைப் பற்றிச் சொன்னோம். பின்னலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெசவுக்குப் பாவும் ஊடையும் வேண்டும், தறி வேண்டும், தறி நிற்க இடம் வேண்டும். ஊசிப் பின்னலுக்கு இரண்டு குச்சிகளும் ஓர் இழையும் போதும். ஒரு கண்ணிக்குள் மறுகண்ணியை இழுத்து, ஒரே நூலால் முழு ஆடையையும் ஆக்கிவிடலாம். இக்கலையின் மிகப் பழைய சான்றுகள் எகிப்தில் கிடைத்துள்ளன; அங்கிருந்து ஸ்பெயின் வழியாக ஐரோப்பாவுக்குப் பரவியது என்பர். 1589 இல் வில்லியம் லீ என்னும் ஆங்கிலேயர் காலுறை பின்னும் பொறியை உருவாக்கினார். அதே தொழிலில் ஈடுபட்டிருந்த நொட்டிங்காம் பகுதித் தொழிலாளர், 1811 இல் கூலிக்குறைப்பை எதிர்த்துப் பின்னற் சட்டங்களை உடைத்தெறிந்தனர். ஆகவே, ஊசிப் பின்னல் சீமாட்டிகளின் மடியில் மட்டும் வளர்ந்த கலையென்று எண்ணுவது பிழை. அதன் பின்னே பசியும் போராட்டமும் உண்டு.

நம் நாடுகளில் ஊசிவேலையை மிஷன் பள்ளிகள் பரப்பின. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்குச் சரிகைப் பின்னல் கற்பித்தார். யாழ்ப்பாணத்தில் 1824 இல் தொடங்கிய உடுவில் பெண்கள் விடுதிப் பள்ளியில் எழுத்தோடு தையலும் கற்பிக்கப்பட்டது. மலைநாட்டுத் தோட்டங்களுக்கென 1854 இல் தமிழ்க் கூலி மிஷன் தோன்றிற்று. 1920 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டங்களில் பள்ளி வைக்கும் பொறுப்பைத் தோட்டத்தார் மீது சுமத்தியது. ஒரே ஆசிரியரும் ஒரே கொட்டகையுமாக நெடுங்காலம் கிடந்த அப்பள்ளிகளில் எழுத்துக்கே இடம் போதவில்லை. கைவேலைக்கு எங்கே இடம்? குளிர்ந்த மலையில் வாழ்ந்தும், கம்பளி நூலைக் கையாளும் கலை நம் பெண்களை மிகத் தாமதமாகவே அடைந்தது. துரையின் பங்களாவில் கணப்படுப்பு எரிந்தது. லயத்தில் ஈரவிறகின் புகை சூழ்ந்தது.

எனினும் அது வந்து சேர்ந்தது. இன்று நம் மாணவியரின் வீடுகளில் குழந்தைக்குக் குல்லாயும் கிழவருக்குக் கழுத்துத்துணியும் கையற்ற மேற்சட்டையும் பின்னும் தாய்மாரைக் காண்கிறோம். சைக்கிள் சக்கரக் கம்பியைத் தேய்த்து ஊசியாக்கியோரும், மூங்கிலைச் சீவி ஊசியாக்கியோரும் உண்டு. இவர்களுடைய கைத்திறனில் நம்மை வியக்கவைப்பது நூலை வீணாக்காத நுட்பமே.

கிழிந்த நெசவுத்துணி கந்தையாகிறது. பின்னலாடையோ பிரிந்து மறுபடியும் நூலாகிறது. பழைய மேற்சட்டையின் தையலை முதலில் அவிழ்த்து, மேல் விளிம்பிலிருந்து இழையை இழுத்தால் வரிசை வரிசையாகப் பிரிந்து வரும். முழங்கையில் தேய்ந்த பகுதியை மட்டும் ஒதுக்கிவிடலாம். பிரித்த நூல் சுருண்டு கிடக்கும். அதைச் சிட்டமாகச் சுற்றி, நான்கிடங்களில் தளரக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் நனைத்து, அடியில் சிறு பாரம் தொங்கவிட்டு உலர்த்தினால் சுருள் நீங்கும். கொதிநீர் ஆகாது, கொதிநீரில் கசக்கிய ஆட்டுமயிர் இறுகித் தடித்துவிடும். மெலிந்த இரண்டிழைகளைச் சேர்த்துப் பின்னினால் வலுவுண்டாகும். மிஞ்சிய துண்டு நூல்கள் பலநிறக் கோடுகளாகும். தகப்பனின் சட்டை மகனுக்கும், மகனின் சட்டை பேரக்குழந்தையின் குல்லாய்க்கும் போகிறது. ஆட்டுமயிர் தன் எடையில் ஏறக்குறைய முப்பது விழுக்காடு ஈரத்தை உறிஞ்சியும் வெப்பம் காக்க வல்லது. இன்று கடைகளில் மலிவாகக் கிடைக்கும் செயற்கை நூலுக்கு அத்தன்மை இல்லை. மழையில் நிற்பவர்க்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

இச்சிக்கனத்தை ஏழைகள் மட்டும் கைக்கொண்டனர் என்றும் நினைக்க வேண்டாம். இரண்டாம் உலகப் போரின்போது, 1941 ஜூன் மாதத்தில் பிரித்தானியாவில் உடைக்குப் பங்கீடு வந்தது. 1943 இல் அந்நாட்டு அரசே, பழையதைச் செப்பனிட்டு உடுத்துமாறும் பின்னலைப் பிரித்துப் புதிது பின்னுமாறும் பெண்களுக்கு அறிவுரை வெளியிட்டது. அங்கே அது நாட்டுப்பற்று என்று புகழப்பட்டது. தேயிலையும் அங்கே பங்கீட்டில்தான் கிடைத்தது. இலங்கைத் தேயிலையை அவ்வரசு மொத்தமாகக் கொள்முதல் செய்தது. அத்தேயிலையைப் பறித்த பெண் ஆயுள் முழுவதும் செய்துவந்த அதே சிக்கனத்துக்கு எவரும் பெயர் சூட்டவில்லை.

இங்கேதான் நாம் எச்சரிக்கையாயிருக்க வேண்டும். சிக்கனத்தைப் போற்றுவது ஒன்று. சிக்கனத்தைக் காட்டிக் கூலியை மறுப்பது வேறு. 'கைத்தொழில் கற்றுக்கொள்ளுங்கள், குறை தீரும்' என்று உழைக்கும் பெண்ணுக்கு உபதேசிப்போர் எக்காலத்தும் உளர். பகலெல்லாம் மலையேறிக் கொழுந்து பறித்து, அந்தியில் தண்ணீர் சுமந்து, அடுப்பெரித்து, பிள்ளைகளை உறங்கவைத்த பின் அவள் ஊசியைக் கையிலெடுக்கிறாள். அந்த நேரம் செக்ரோலில் ஏறுவதில்லை. அந்த உழைப்பினால் தோட்டத்துக்கும் இலாபமே: தொழிலாளியைக் குளிரிலிருந்து காக்கும் செலவை அவளே ஏற்றுக்கொள்கிறாள். முன்பு கம்பளியின் விலை அவளுடைய கணக்கில் ஏறியது. இன்று பின்னலின் உழைப்பு எவர் கணக்கிலும் ஏறுவதில்லை. நாட்கூலி 1,000 ரூபாய் ஆக வேண்டுமென்ற கோரிக்கை சட்டப்படி நிறைவேறுவதற்கு 2021 வரை காத்திருக்க நேர்ந்தது என்பதை இத்துடன் சேர்த்து எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இழையின் கதை இன்னும் முடியவில்லை. 1948 இன் குடியுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றவராக்கியது. 1964 இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேரை இங்கே ஏற்கவும் வகுத்தது. சென்றவர்களில் சிலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியேறினர். வேறு சிலருக்குத் தமிழகத்து நூற்பாலைகளில் வேலை தரப்பட்டது. பாட்டியின் கையைவிட்டுப் போன நூல், ஆலை வடிவில் பேத்தியின் கைக்கு வந்தது. இங்கே எஞ்சியவர்களின் பெண்மக்களோ, 1977 இன் திறந்த பொருளாதாரத்துக்குப் பின் பெருகிய ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போகத் தொடங்கினர். மேலைநாட்டார் குளிர்காலத்தில் உடுத்தும் சட்டைகளை இந்நாட்டுப் பெண்கள் தைக்கிறார்கள். அவற்றில் ஏற்றுமதிக்கு ஆகாதென்று கழிக்கப்பட்டவை நுவரெலியாக் கடைத்தெருவில் குவிகின்றன. மலைநாட்டுத் தொழிலாளி தன் குளிருக்கு அவற்றிலொன்றைப் பேரம் பேசி வாங்குகிறான்.

நாம் செய்யக்கூடியது என்ன? ஊசிப் பின்னலைப் பெண்பிள்ளைகளுக்கு மட்டுமுரிய கைவேலையாக ஒதுக்காமல், ஆண்பிள்ளைகளுக்கும் கற்பிக்கலாம். கண்ணிகளை எண்ணி அளவு வகுப்பதில் நல்ல கணிதம் இருக்கிறது. நூலின் தன்மையை அறிவதில் விஞ்ஞானம் இருக்கிறது. கம்பளியின் கதையில் வரலாறு இருக்கிறது. ஓய்வுபெற்ற கொழுந்துக்காரப் பெண்களிடம் சென்று அவர்கள் போர்த்திய கம்பளியின் விலை, நிறம், அது கழிக்கப்பட்ட விதம் ஆகியவற்றை மாணவர் எழுதி வரட்டும். கம்பளைக்கு அருகில் பழைய பீக்கொக் தோட்டத்து லயன் அறைகளில் தொழிலாளரின் புழங்குபொருள்களைக் கொண்டு ஓர் அரும்பொருளகம் அமைக்கப்பட்டுள்ளது. ஊவாவிலும் அத்தகைய முயற்சி வேண்டும். அங்கே தராசையும் கொழுந்துக் கூடையையும் வைக்கும்போது, ஒரு பழைய கம்பளியையும், மூன்று தலைமுறை பிரித்துப் பின்னிய ஒரு குழந்தைக் குல்லாயையும் வைக்க மறவாதிருப்போம். கம்பளியின் பக்கத்தில் அதன் விலையை எழுத வேண்டும். குல்லாயின் பக்கத்தில், அதைப் பின்னிய பெண்ணின் பெயரை எழுத வேண்டும்.