முதலிடம் யாருக்கு? பள்ளித் தரவரிசையின் கதை



மே மாதம் பிறந்துவிட்டால் சேலையூரில் நமக்கு வேறு பேச்சே இருப்பதில்லை. கிழக்குத் தாம்பரத்திலிருந்து கேம்ப் ரோடு வழியாக வேளச்சேரி சாலையில் செல்பவரின் கண்ணில் பள்ளிகளின் விளம்பரப் பலகைகளே முதலில் படுகின்றன. பிள்ளைகளின் முகங்கள், மதிப்பெண்கள், நூறு விழுக்காடு தேர்ச்சி என்ற பெரிய எழுத்துகள். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடும் நேரத்திலும், பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையைப் பதினொன்றில் எங்கே சேர்ப்பது என்பதே கேள்வி. "இந்த வட்டாரத்தில் முதலிடம் எந்தப் பள்ளிக்கு?" என்றுதான் பெரும்பாலோர் வினவுகின்றனர். அந்த 'முதலிடம்' நம் ஊருக்கு எப்படி வந்தது என்று சற்றே திரும்பிப் பார்ப்போம்.

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபின், பள்ளி முடித்தவர்களுக்கு அது மெட்ரிகுலேஷன் தேர்வை நடத்தியது. கல்லூரிக்குள் யாரை விடுவது என்று தீர்மானிப்பதே அதன் வேலை. 1911இல் சென்னை மாகாணத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முறை வந்தது. நம் பாட்டனார் வீட்டுப் பெட்டிகளில் இன்றும் கிடைக்கும் அந்த 'எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம்' வெறும் மதிப்பெண் தாள் அன்று. மாணவன் வகுப்பில் பெற்ற மதிப்பெண்களும் பொதுத்தேர்வு மதிப்பெண்களும் ஒன்றாகப் பதியப்பட்ட சிறு ஏடு அது. பள்ளிக்கு வெளியே உள்ள ஒருவர் அதைப் புரட்டினால், இந்தப் பிள்ளை எப்படிப் படித்து வந்தான் என்று ஓரளவு அறியலாம். எந்தப் பள்ளி எந்தப் பள்ளியை முந்தியது என்ற செய்தி அதில் இல்லை.

போட்டி கூர்மையடைந்தது பிற்காலத்தில்தான். 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கி, 1980இல் முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு நடந்தது. மொத்தம் 1200 மதிப்பெண்கள். 1984 முதல் மருத்துவம், பொறியியலுக்கு மாநில நுழைவுத் தேர்வும் சேர்ந்துகொண்டது. அந்த நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டு, 2007 முதல் பிளஸ் டூ மதிப்பெண்ணே கல்லூரி இடத்தைத் தீர்மானித்தது. கிராமப்புறப் பிள்ளைகளுக்கு அது பெரும் வாய்ப்பு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அரை மதிப்பெண் கட்-ஆஃபில் ஓர் இடம் கைநழுவும் என்றான பிறகு, மதிப்பெண்ணை உற்பத்தி செய்து தருவதாகச் சொல்லும் விடுதிப் பள்ளிகள் பெருகின. அவற்றுள் பல, பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே ஒதுக்கிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை ஈராண்டு மனனம் செய்ய வைத்தன. நம் சமுதாயத்தவரும் நகையை அடகு வைத்துப் பிள்ளைகளை அங்கே அனுப்பினோம். அதை மறைப்பானேன்?

நாளேடுகளில் ஆண்டுதோறும் மாநில முதலிடம் பெற்றோரின் படங்கள் வெளியாயின. 2015இல் பத்தாம் வகுப்பில் 500க்கு 499 எடுத்து மாநிலத்தில் முதலிடம் பெற்றவர்கள் 41 பேர். நாற்பத்தொரு பேர் நிற்கும் இடத்தை முதலிடம் என்று எப்படி அழைப்பது? அடுத்த ஈராண்டுகளுக்குள், 2017 மே மாதத்தில், தமிழக அரசு தரவரிசை அறிவிப்பையே கைவிட்டது. பிளஸ் டூ முடிவும் பத்தாம் வகுப்பு முடிவும் முதல், இரண்டாம், மூன்றாம் இடங்கள் இன்றி வெளியாயின. அவ்வாண்டே பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு அறிவிக்கப்பட்டது. அந்தப் பாடத்தை எவரும் தாண்டிச் செல்லக்கூடாது என்பதே நோக்கம். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி அந்தத் தேர்வும் விலக்கப்பட்டது. சி.பி.எஸ்.இ.யும் 2023இல், தகுதிப் பட்டியல் வெளியிடுவதில்லை என்று தெரிவித்தது. பட்டியல் போடும் அதிகாரம் உள்ளவர்களே அதை விட்டுவிட்டனர். பலகைகள் மட்டும் வேளச்சேரி சாலையை விட்டு இறங்கவில்லை.

அந்தப் பலகை எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது? நாம் நேரில் கண்ட ஒன்றைச் சொல்லவேண்டும். நம் தெருவில் ஒரு பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் பின்தங்கினான். பள்ளி அவனுடைய அத்தாவை அழைத்து, பத்தாம் வகுப்புக்கு வேறு பள்ளி பார்த்துக்கொள்வது நல்லது என்று சொல்லி, டி.சி.யைக் கையில் கொடுத்தது. மறு ஆண்டு அப்பள்ளியின் வாயிலில் 'நூறு விழுக்காடு' என்று எழுதியிருந்தனர். எழுத்தில் பொய் இல்லை. தேர்வு எழுதியவர் அனைவரும் தேறினர். எழுதாதவனைப் பற்றிப் பலகையில் இடம் ஏது?

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. இந்த மே மாதம் வெளியாகும் பிளஸ் டூ முடிவு, ஈராண்டுக்கு முன் அங்கே சேர்ந்த பிள்ளைகளுடையது. இன்று சேரும் நம் பிள்ளையின் முடிவு வருவது இன்னும் ஈராண்டு கழித்து. அதற்குள் இயற்பியல் ஆசிரியர் வேறு பள்ளிக்குப் போயிருக்கலாம். தனியார் பள்ளிகளில் இது அன்றாட நிகழ்வு. இங்கிலாந்தில் 1992 முதல் அரசே பள்ளிகளின் பட்டியலை வெளியிட்டு வருகிறது. இந்தக் கால இடைவெளியைக் கணக்கிட்டால், பெற்றோர் பள்ளியைத் தேர்ந்தெடுக்க அந்தப் பட்டியல் மிகச் சிறிதே உதவும் என்று ஜார்ஜ் லெக்கி, ஹார்வி கோல்ட்ஸ்டைன் என்னும் ஆய்வாளர்கள் 2009இல் எழுதினர். மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்வோம். வேல்ஸ் நாடு 2001இல் பட்டியலை நிறுத்தியபின், அங்கே பள்ளிகளின் தரம் இங்கிலாந்தை ஒப்பிடச் சரிந்தது என்று வேறோர் ஆய்வு கண்டது. பட்டியல் பள்ளிகளைச் சோம்பலிலிருந்து தட்டி எழுப்பும் போலும். நம் வீட்டுப் பிள்ளைக்கு எது பொருந்தும் என்பதை மட்டும் அது சொல்லாது.

நம் முன்னோர் இந்தக் கேள்வியை வேறு விதமாகச் சந்தித்தனர். அவர்கள் காலத்தில் 'எந்தப் பள்ளி' என்ற ஆராய்ச்சிக்கே இடமில்லை. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாமா என்பதே தயக்கம். நம் வழக்கில் பள்ளி என்றால் தொழுமிடம், ஓதப் போவது மக்தபுக்கு, படிக்கப் போவது வேறிடம். இந்த இரண்டுக்கும் இடையிலான தூரத்தைக் குறைக்கவே பெரியவர்கள் பாடுபட்டனர். வாணியம்பாடியில் முஸ்லிம் கல்விச் சங்கம் 1901இலும், சென்னையில் தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் 1902இலும் உருவாயின. 1951இல் திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் சென்னைப் புதுக் கல்லூரியும் தோன்றின. பெண்மக்களுக்கென நீதியரசர் பஷீர் அகமது சயீத் 1955இல் எஸ்.ஐ.இ.டி. கல்லூரியைத் தொடங்கினார். நமக்கு அருகிலேயே, வண்டலூரில், கீழக்கரை பி.எஸ். அப்துர் ரஹ்மான் 1960களின் இறுதியில் எழுப்பிய கிரசென்ட் பள்ளியை நாம் அறிவோம். அல்லாஹ் அவர்கள் அனைவருக்கும் நற்கூலி வழங்குவானாக. பின்தங்கியவரை உள்ளே அழைக்கவே இவை கட்டப்பட்டன. 2001 கணக்கெடுப்பில் தமிழக முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9 விழுக்காடு, மாநில சராசரியோ ஏறத்தாழ 73.5. அப்படிப்பட்ட வரலாறு உடைய நாம், பலவீனமான பிள்ளையை வெளியே அனுப்பும் பள்ளியைச் 'சிறந்தது' என்று கொண்டாடுவது நமக்கே வியப்பாக இருக்கிறது.

இன்னும் பின்னே சென்றால், இமாம் மாலிக் அவர்களின் தாயார் நினைவுக்கு வருகிறார். மதீனாவில் சிறுவனாயிருந்த மகனுக்குத் தலைப்பாகை கட்டிவிட்டு, ரபீஆ அவர்களிடம் போ, அவருடைய கல்விக்கு முன் அவருடைய ஒழுக்கத்தைக் கற்றுக்கொள் என்று அனுப்பினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அந்தத் தாய் தேர்ந்தெடுத்தது ஒரு மனிதரை. பிற்காலத்திலும், இன்ன நூலை இன்ன மாணவர் என்னிடம் கற்றார் என்று இஜாஸா வழங்கியவர் ஆசிரியர்தாம். மதரஸாவின் பெயர் அதில் முதன்மை பெறவில்லை. தம் காலத்தின் மிகப் பெயர்பெற்ற கல்விக்கூடமான பக்தாத் நிஜாமிய்யாவுக்கு 1091இல் அழைக்கப்பட்ட இமாம் கஸ்ஸாலி, 1095இல் அந்தப் பதவியை உதறிவிட்டு வெளியேறினார். கட்டடத்தின் புகழ் அவரைக் கட்டிப்போடவில்லை.

சேலையூருக்கே திரும்புவோம். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்துவரும் பிள்ளையை, பலகையைப் பார்த்து இடையில் மாற்றிவிடாதீர்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தோருக்கு 2020 முதல் மருத்துவத்திலும், 2021 முதல் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளிலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. கல்லூரி சென்றபின் பெண்பிள்ளைக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் ஆண்பிள்ளைக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கிறது. இதை அறியாமல் பதினொன்றாம் வகுப்பில் மாற்றிவிட்டு, பிறகு வருந்திய குடும்பங்களை நாம் கண்டிருக்கிறோம்.

தனியார் பள்ளிதான் என்று முடிவு செய்தவர்கள், அலுவலகத்தில் முதலில் கேட்கவேண்டியது முதல் மதிப்பெண்ணை அன்று. சென்ற ஆண்டு ஒன்பதில் எத்தனை பிள்ளைகள் இருந்தனர், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியோர் எத்தனை பேர் என்று கேளுங்கள். பத்தில் 280 எடுத்த பிள்ளைக்கு எந்த குரூப் கொடுப்பீர்கள் என்று கேளுங்கள். கணக்கு ஆசிரியர் எத்தனை ஆண்டுகளாக இங்கே பணிபுரிகிறார்? வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிள்ளையை விடுவார்களா? மகள் முக்காடுடன் வரலாமா? சனி, ஞாயிறு சிறப்பு வகுப்பு என்று சொல்லி மக்தபைத் தின்றுவிடுவார்களா? பிறகு மாலை நாலரைக்குப் பள்ளி விடும் நேரத்தில் வாயிலில் நின்று, வெளியே வரும் பிள்ளைகளின் முகங்களைப் பாருங்கள். முடிந்தால் உங்கள் பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். ஈராண்டு அங்கே உட்காரப் போகிறவன் அவன்தானே.

டி.சி. கொடுத்து அனுப்பப்பட்ட அந்தப் பிள்ளை பக்கத்திலிருந்த அரசு மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்தான். அங்கே ஓர் ஆசிரியை மாலையில் அவனை இருக்கவைத்து ஏழாம் வகுப்புக் கணக்கிலிருந்து மீண்டும் சொல்லிக்கொடுத்தார். பத்தில் தேறி, காமர்ஸ் குரூப் எடுத்தான். அல்ஹம்துலில்லாஹ், இப்போது பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறான். மாலையில் மஃக்ரிப் தொழுகைக்குப் பின் மக்தபின் சிறுவர்கள் சிலருக்கு அவன்தான் கணக்குச் சொல்லித் தருகிறான்.