துணைத்தாளம்: அரேஞ்சர் கீபோர்டில் பதிவொலியும் மிடியும்

அரேஞ்சர் கீபோர்ட் என்னும் மின்னிசைக் கருவியில் வாசிப்பவரின் இடக்கை பிடிக்கும் கோர்ட்டுக்கு ஏற்பத் தானாக ஒலிக்கும் பின்னணிக்கு 'ஸ்டைல்' என்று பெயர். அந்தப் பின்னணியின் தாளப் பகுதியே துணைத்தாளம். இலங்கையில் இக்கருவியைப் பெரும்பாலும் 'ஓர்கன்' என்றே சொல்வர்.

துணைத்தாளம் இருவகைப்படும். மிடி வகையில் கருவியின் நினைவகத்தில் ஒவ்வொரு முரசினதும் ஒற்றை அடி மட்டும் இருக்கும். எந்த அடி, எப்போது, எவ்வளவு வன்மையாக விழவேண்டும் என்ற கட்டளைகள் தனியே இருக்கும். பதிவொலி வகையில் ஒரு டிரம்மர் சில ஆவர்த்தங்கள் வாசித்தது முழுதாகவே பதிவாகியிருக்கும். ஒன்றை இயந்திர ஒலி என்றும் மற்றதை உண்மை ஒலி என்றும் பிரிப்பது பொருந்தாது. இரண்டிலுமே ஏதோ ஒரு கை எங்கோ ஒரு தோலில் அடித்தது பதிவாகியிருக்கிறது. ஒற்றை அடியைப் பதிவதா, அடித்தவரின் வாசிப்பைப் பதிவதா என்பதில்தான் இரண்டும் வேறுபடுகின்றன.

ஒலிநாடாக் காலம்

இன்று புதுமையாக விற்கப்படும் பதிவொலித் தாளம் மிடியைவிட முப்பது ஆண்டுக்கு மேல் மூத்தது. கலிபோர்னியாவைச் சேர்ந்த ஹரி சேம்பர்லின் 1940களின் இறுதியில் 'ரித்மேட்' என்ற பெட்டியைச் செய்தார். ஆண்டை 1948 என்றும் 1949 என்றும் குறிப்பர். அதனுள் 14 ஒலிநாடா வளையங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு டிரம்மர் வாசித்த ஒரு நடை முடிவில்லாமல் சுற்றிவரும். மிகச் சிலவே செய்யப்பட்டன. ஆயினும் வீட்டு ஓர்கன் வாசிப்பவருக்குப் பக்கத்தில் ஒரு தாளக்காரரை உட்கார்த்தும் எண்ணம் முதலில் உருப்பெற்றது இதில்தான்.

இதன் வழிவந்த மெலட்ரான் 1963இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதில் விசை ஒவ்வொன்றுக்கும் ஒரு நாடா உண்டு. விசையை அழுத்தினால் நாடா ஏறத்தாழ 8 விநாடி ஓடும், விட்டால் வில் அதைத் தொடக்கத்துக்கு இழுத்துக்கொள்ளும். வலக்கை விசைகளில் புல்லாங்குழலும் வயலினும் இருந்தன. இடக்கை விசைகளிலோ தாளமும் வாத்தியக் குழுவின் பின்னணியும் பதிவாகியிருந்தன. அதாவது இன்றைய அரேஞ்சரின் அமைப்பு முழுவதும் அங்கேயே இருந்தது. மெலட்ரானைப் பிற்காலத்தார் பெரும்பாலும் வலக்கை ஒலிகளுக்காகவே நினைவுகூர்கின்றனர், இடக்கைப் பகுதி மறக்கப்பட்டுவிட்டது. பொம்மைகளுக்குப் பேர்போன மாட்டெல் நிறுவனம் 1971இல் விற்ற 'ஒப்டிகன்' ஒலியை ஒளி ஊடுருவும் வட்டத்தட்டில் பதித்து, 21 கோர்ட் பொத்தான்களின் வழியே பின்னணி தந்தது.

பதிவொலியின் பிணி இக்கருவிகளிலேயே தெரிந்துவிட்டது. தட்டை விரைவாகச் சுற்றினால் காலப்பிரமாணம் கூடும், கூடவே சுருதியும் ஏறும். பாட்டுக்கு இசைய வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ முயன்றவரின் முரசு தன் குரலை இழந்தது.

எதிர்வழியில் சென்றது வுர்லிட்சர் நிறுவனத்தின் 'சைட்மேன்' (1959). இதில் பதிவு எதுவும் இல்லை. சுழலும் தட்டில் உள்ள தொடுமுனைகள் வெற்றிடக் குழாய்ச் சுற்றுகளை உசுப்பி 12 நடைகளை எழுப்பின. இதனால் தம் பிழைப்புப் போகும் என்று அமெரிக்க இசைஞர் சங்கத்தினர் எதிர்த்ததாகச் சொல்லப்படுகிறது. அந்த எதிர்ப்பு எவ்வளவு தூரம் சென்றது என்பதில் எழுதுவோர் ஒத்துப்போவதில்லை. ஜப்பானில் இகுதாரோ ககெஹாஷி, ஏஸ் டோன் நிறுவனத்தின் வழியாக 1967இல் 'ரிதம் ஏஸ்' எஃப்ஆர்-1ஐக் கொண்டுவந்தார். அவரே 1972இல் ரோலண்ட் நிறுவனத்தைத் தொடங்கினார்.

இரு வழிகளும் 1980இல் ரோஜர் லின் செய்த எல்எம்-1 கருவியில் சந்தித்தன. உண்மை முரசின் ஒற்றை அடிகளை எண்முறையில் பதிந்து, வாசிப்பவர் விரும்பிய வரிசையில் அடுக்கும் முதல் தாளக்கருவி அது. நினைவகம் அக்காலத்தில் பெருவிலை. சிம்பலின் ஒலி நெடுநேரம் நீண்டு தேய்வது, அதைப் பதிய இடம் போதவில்லை. ஆகவே எல்எம்-1இல் கிராஷ், ரைட் சிம்பல்கள் இல்லாமலே போயின. 1980களின் தொடக்கப் பாடல்கள் சிலவற்றில் சிம்பல் ஒலிக்காத வெறுமை காதில் படுமானால் அதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

மிடியும் அதன் கணக்கும்

வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் தம்முள் பேசிக்கொள்ள வகுத்த பொதுமொழி மிடி. 1983 ஜனவரியில் அமெரிக்க இசைக்கருவிக் கண்காட்சியில் ஒரு புரொஃபெட்-600உம் ஒரு ரோலண்ட் ஜூபிடர்-6உம் வடத்தால் இணைக்கப்பட்டு முதன்முதலாகப் பொதுவில் காட்டப்பட்டன. இதற்காக டேவ் சிமித்துக்கும் ககெஹாஷிக்கும் 2013இல் தொழில்நுட்பக் கிராமி விருது கிடைத்தது.

மிடியின் சிக்கனத்தை ஒரு கணக்கால் காட்டலாம். நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் நான்கு ஆவர்த்தச் சதுசிரத் தாளம் 8 விநாடி நீளும். குறுந்தட்டுத் தரத்தில் அதைப் பதிந்தால் ஏறக்குறைய 14 இலட்சம் பைட் தேவை. அதே தாளத்தில் ஆவர்த்தத்துக்கு 12 அடி என்று கொண்டால் மொத்தம் 48 அடிகள், ஓர் அடியைத் தொடங்கவும் முடிக்கவும் தலா 3 பைட். நேரக்குறிப்பைச் சேர்க்காவிட்டால் 288 பைட்டுடன் முடிந்துவிடும். மலிவான கருவிகளிலும் நூற்றுக்கு மேற்பட்ட ஸ்டைல்கள் இடம்பெற்றதன் இரகசியம் இது. வேகத்தைக் கூட்டினால் சுருதி கெடாது. ஸ்னேர் பிடிக்காவிட்டால் அதை மட்டும் மாற்றலாம். ரோலண்ட் இ-20 (1988), கோர்க் ஐ3 (1993) முதலிய அரேஞ்சர்கள் இந்த அடித்தளத்தில் எழுந்தவை.

1991இல் வகுக்கப்பட்ட 'ஜெனரல் மிடி' ஒழுங்கு, 10ஆம் தடத்தைத் தாளத்துக்கு ஒதுக்கி, 35 முதல் 81 வரையான எண்களுக்கு 47 தாள ஒலிகளை நிர்ணயித்தது. பாஸ் டிரம் 36, ஸ்னேர் 38, மூடிய ஹைஹட் 42. பிரேசிலின் குயீக்கா, கியூபாவின் கிளாவஸ், குய்ரோ, பாங்கோ, காங்கோ எல்லாம் அதில் உண்டு. தபேலா இல்லை, மிருதங்கம் இல்லை, தவில் இல்லை, தப்பும் இல்லை. மெல்லிசைக் குரல்களின் வரிசையில் சிதார் 105ஆம் இடத்தையும் ஷெனாய் 112ஆம் இடத்தையும் பெற்றிருக்க, தாளத்தில் தென்னாசியாவுக்கு ஓரிடமும் கிடைக்கவில்லை. அட்டவணையில் இடமில்லாத முரசைத் தமிழ் வாசிப்பாளர் ஒவ்வொருவரும் தாமே தேடிக்கொள்ள வேண்டியதாயிற்று.

இன்னொரு தடையும் இருந்தது. மிருதங்கத்தில் இடந்தலையை அழுத்தி எழுப்பும் கும்கியிலும், தபேலாவின் இடது முரசிலும், டோலக்கிலும் ஒலி அடித்த பிறகும் வளையும். மிடியில் சுருதியை வளைக்கும் கட்டளை தடம் முழுவதற்கும் பொதுவானது. கும்கியை வளைத்தால் அதே தடத்திலுள்ள மற்ற முரசுகளும் சேர்ந்து வளையும். பதிவொலியில் இந்தச் சிக்கல் எழவில்லை.

தமிழ்த் திரையிசையில்

கணினிவழித் தாளம் தமிழ்த் திரையிசைக்கு எந்தப் படத்தில் வந்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இளையராஜா இசையமைத்து 1986இல் வெளியான 'விக்ரம்', 'புன்னகை மன்னன்' இரண்டையும் சுட்டுவோர் உளர். பின்னதில் இளம் வயது ஏ. ஆர். ரகுமான் கருவிநிரலில் பங்கெடுத்ததாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. 'ரோஜா' (1992) வந்தபின் நிரல்படுத்திய தாளம் தமிழ்க் காதுக்குப் பழகிவிட்டது.

மெல்லிசைக் குழுக்களை அதிகம் மாற்றியது 1985இல் வந்த ரோலண்ட் ஆக்டபேட். முதல் ஆக்டபேட் தானாக ஒலி எழுப்பாது. கோலால் அடித்த அடியை மிடிக் கட்டளையாக்கி வேறொரு கருவிக்கு அனுப்பும். பின்வந்த எஸ்பிடி-20 ஒலிகளையும் தன்னுள் கொண்டிருந்தது. 'பேட்' வாசிப்பவர் ஒருவரே தபேலா, டோலக், தவில் எல்லாமாக நின்றார். ஒலி மிடியினுடையது, லயம் மனிதக் கையினுடையது. பதிவொலியா மிடியா என்ற வழக்கில் இக்கருவியை எந்தப் பக்கமும் சேர்க்க முடியாது.

சப்பிரகமுவ தோட்டங்களும் கலவானவும்

இலங்கையின் சப்பிரகமுவ மாகாணத்தில், இரத்தினபுரி மாவட்டத்தின் கலவான, சிங்கராஜ வனத்துக்குச் செல்லும் வழியிலுள்ள ஊர். தேயிலையும் இறப்பரும் கலந்த தோட்டங்களில் தமிழர் சிங்களக் கிராமங்களை அடுத்து வாழ்கின்றனர். சிங்கராஜவில் ஆண்டு மழை 3,000 மில்லிமீற்றரைத் தாண்டும். இம்மழையைப் பற்றிக் கீழே மீண்டும் கூறப்படும்.

இப்பகுதிக்கு உரிய முரசுகள் இரண்டு. ஒன்று சப்பிரகமுவ சிங்கள நடன மரபின் தவுல. ஒரு முகத்தைக் கோலாலும் மறுமுகத்தைக் கையாலும் அடிப்பது, பெயரிலும் அடிமுறையிலும் தமிழரின் தவிலுக்கு உறவானது. இரத்தினபுரி சமன் தேவாலயப் பெரஹராவில் கேட்கலாம். மற்றது தோட்டத்துத் தமிழரின் தப்பு. மரவளையத்தில் தோலை இழுத்து ஒட்டி, ஒரு கையில் மெல்லிய நீள் குச்சியும் மறுகையில் தடித்த குறுங்குச்சியுமாக வாசிப்பது. மலையகத் தோட்டங்களில் ஒருகாலம் விடியுமுன் பெரட்டுக்கு (காலை வேலைப் பிரிப்பு) ஆளைக் கூட்டியது தப்பொலியே. மலையகக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய தேயிலைத் தோட்டக் கவிதை அவ்வொலியோடுதான் தொடங்குகிறது. கோயில் திருவிழா, காமன் கூத்து, கல்யாணம், சாவு ஒவ்வொன்றுக்கும் அடி வேறு. லயத்து வாசலில் நிற்பவர் தொலைவில் கேட்கும் அடியைக்கொண்டே மேட்டில் நடப்பது நல்லதா கெட்டதா என்று அறிவார். லைன் வீட்டுக்கும் தாளத்தின் ஓட்டத்துக்கும் தோட்டத் தமிழில் 'லயம்' என்ற ஒரே சொல் வழங்குவது ஒலியால் நேர்ந்த ஒற்றுமையே, சொற்பிறப்பால் வந்ததன்று.

தப்பை அடிக்குமுன் நெருப்பில் காய்ச்ச வேண்டும். சூடேறத் தோல் இறுகிக் குரல் கணீரென்று எழும். ஈரக்காற்றில் தோல் தளர்ந்து குரல் இறங்கும். மழைப் பிரதேசத்தில் வாசிப்புக்கு நடுவிலும் நெருப்பை அணையவிடாமல் வைத்திருக்க வேண்டியிருக்கும். ஆகவே தப்புக்கு நிலையான சுருதி என்று ஒன்று இல்லை, அன்றைய வானிலைக்கேற்ற சுருதியே உண்டு.

1977இல் இலங்கைப் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின் இறக்குமதிக் கருவிகள் பெருகின. சிறிய வகைக் கீபோர்ட்கள் ஆறு பெரிய பற்றரிகளிலும் இயங்கின, மின்சாரம் எட்டாத இடத்திலும் வாசிக்கலாம். பின்னர் வந்தவை பெரும்பாலும் மிடி வகை. இருமொழிச் சூழலில் இசைக்குழுவுக்குத் தமிழ்த் திரைப்பாடலும் வேண்டும், சிங்களப் பைலாவும் வேண்டும். பைலாவின் ஆறெட்டு நடையும் நாட்டுப்புறத் தெம்மாங்கின் திசிர நடையும் ஓட்டத்தில் நெருங்கியவை. வெளிநாட்டுக் கருவியில் இதற்கென ஸ்டைல் இராததால், உள்ள ஸ்டைல் ஒன்றைப் பிரித்து, அடிகளை மாற்றி, சேமித்து, ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொள்ளும் வழக்கம் இலங்கை ஓர்கன் வாசிப்பாளரிடையே வளர்ந்தது. மிடியாக இருந்ததாலேயே இது முடிந்தது. ஜெனரல் மிடி அட்டவணையில் தப்பின் குறுங்குச்சி அடிக்கு ஓரளவு நெருங்கிவரும் ஒலி 65, 66ஆம் எண்களிலுள்ள டிம்பாலே எனலாம். நீள்குச்சியின் சிலிர்ப்புக்கு ஈடாக அதில் எதுவும் இல்லை.

சாவுக்குத் தப்படிக்கும் வேலை நெடுங்காலம் ஒரு சமூகத்தார்மீது சாதியின் பெயரால் சுமத்தப்பட்டிருந்தது. அக்கடமையை மறுத்தவர்கள் உண்டு. தப்பைத் தம் கலையாக மேடையேற்றியவர்களும் உண்டு. கருவித் தாளத்தின் வரவை முன்னவர் விடுதலையின் பக்கமும் பின்னவர் இழப்பின் பக்கமும் வைத்து எண்ணக்கூடும். இருவர் நியாயமும் இங்கே பதியத்தக்கது.

பதிவொலியின் மீள்வரவு

நினைவகம் மலிந்ததும் பதிவொலி திரும்பிவந்தது. சுருதி கெடாமல் வேகத்தை மாற்றும் முறைகளும், வாசிப்பை அடி அடியாக நறுக்கி அடுக்கும் முறையும் பழைய பிணிக்கு மருந்தாயின. ஓரளவுக்கே மருந்து, வேகம் மிக மாறினால் ஒலி இன்றும் நைந்துபோகும். இத்தாலியின் கெட்ரான் நிறுவனம் 2000களின் இறுதியில் 'ஆடியா' கருவியில் பதிவொலி முரசை முன்னிறுத்தியது. யமஹா, பிஎஸ்ஆர்-எஸ்950இலும் (2012) டைரோஸ் 5இலும் (2013) 'ஆடியோ ஸ்டைல்' தந்தது. அறையின் காற்றோடு சேர்த்துப் பதிந்த முரசின் உயிர்ப்பு இவற்றில் தெளிவாகக் கேட்கும். ஸ்னேரை மட்டும் மாற்ற வழியில்லை என்பதே குறை. 2017இல் வந்த ஜெனோஸில் யமஹா 'ரெவோ டிரம்ஸ்' என்ற பெயரில் மீண்டும் மிடிப் பக்கம் சாய்ந்தது. ஒரே முரசின் பல அடிகளைப் பதிந்து மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்யும் முறை அது.

இந்தியச் சந்தைக்கெனத் தபேலா முதலிய ஒலிகளோடு யமஹாவின் பிஎஸ்ஆர்-ஐ வரிசையும் கசியோவின் 'ஐஎன்' வகைகளும் வந்துள்ளன. யமஹா, கோர்க் இரண்டின் மேல்நிலைக் கருவிகளிலும் வாசிப்பவர் தம் ஒலிப்பதிவை ஏற்றித் தனி டிரம் செட் அமைக்கலாம். தப்புக்கும் இவ்வழி திறந்தே இருக்கிறது. ஒற்றை அடிகளாகப் பதிவதானால் ஒவ்வொரு அடிக்கும் பல வன்மைகள் வேண்டும், வேலை மணிக்கணக்கில் நீளும். கலவான மழையில் அதற்குள் தோல் பலமுறை தளர்ந்து பலமுறை காய்ச்சப்பட்டிருக்கும். ஒரே தப்பின் முதல் அடியும் கடைசி அடியும் சுருதியில் ஒத்திரா.