வண்டி முன்னாடியே சொல்லியிருந்தது



போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் போனில் கூப்பிட்டார். பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறாராம். "சார், மலை ஏறும்போது இன்ஜின் மட்டும் கத்துது, வண்டி ஏற மாட்டேங்குது. கியர் பாக்ஸ் போயிடுச்சு, மொத்தமா மாத்தணும்னு சொல்றாங்க. என்ன சார் பண்றது?" என்றார்.

வரலாற்று வாத்தியாரிடம் இதை ஏன் கேட்கிறார் என்று உங்களுக்குத் தோன்றலாம். ஜவ்வாது மலையில் ஒரு சாயங்காலம் என் கார் இதேபோல் ஏறாமல் நின்றது. அன்றைக்கு அதன் பின் சீட்டில் படுத்துக் கிடந்த பையனே இவர்தான்.

1990களின் நடுப்பகுதி. ஜமுனாமரத்தூருக்கு எட்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு மலைக் கிராமத்துப் பள்ளியில் எனக்கு வேலை. மூன்று கை மாறி வந்த கார் ஒன்று வைத்திருந்தேன். மழைக்காலம். விடுதிக்குப் பின்னால் விறகு பொறுக்கப் போன பையனைப் பாம்பு கடித்துவிட்டது. காலை அசைக்காமல் பின் சீட்டில் படுக்க வைத்துக்கொண்டு கிளம்பினேன். பாதி வழியில் பெரிய ஏற்றம். இரண்டாவது கியரில் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்ஜின் கூவியது, வண்டியோ வேகம் குறைந்துகொண்டே வந்தது. முதல் கியர் போட்டேன், அதே கதை. கருகிய நாற்றம் மூக்கில் ஏறியது. அதோடு வண்டி நின்றுவிட்டது.

எதிரில் சாமை மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் வந்தது. ஓட்டி வந்த பெரியவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூட்டைகளைச் சாலை ஓரத்தில் இறக்கிப் போட்டுவிட்டு, பையனைத் தூக்கி வைத்து, வண்டியைத் திருப்பினார். எல்லாம் சேர்ந்து முக்கால் மணி நேரம் வீண். பையன் பிழைத்துக்கொண்டான். அந்த முக்கால் மணி நேரத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை.

மறுநாள் அந்தப் பெரியவர் என் காரைப் பார்க்க வந்தார். பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. மூன்றே கேள்விதான் கேட்டார். "பெடல் முன்னைவிட மேல வந்த பிறகுதானே பிடிக்குது? டாப் கியர்ல திடீர்னு மிதிச்சா சத்தம் மட்டும் ஏறுதா? ஏத்தத்துல நின்னா பிரேக் புடிக்காம, பாதி கிளட்ச்ல வண்டிய நிறுத்தி வெப்பீங்களா?" மூன்றுக்கும் ஆமாம் என்றேன். "அப்படின்னா மூணு மாசமா வண்டி உங்ககிட்ட சொல்லிட்டேதான் இருந்திருக்கு சார்" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கல்வெட்டில் தேய்ந்த எழுத்தைக்கூடப் படிக்கச் சொல்லித் தருகிறவன் நான். காலடியில் இருந்த பெடலைப் படிக்கத் தெரியவில்லை.

அதன் பிறகுதான் இந்தக் கிளட்சுக்கும் கியருக்கும் உள்ள வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

மாட்டுவண்டி நின்றால் மாடும் நிற்கும். பெட்ரோல் இன்ஜின் அப்படி இல்லை. அது சுற்றிக்கொண்டே இருந்தால்தான் உயிரோடு இருக்கும். வண்டி நிற்க வேண்டும், இன்ஜின் சுற்ற வேண்டும் என்றால் நடுவில் பிடிக்கவும் விடவும் ஒரு கை வேண்டும். பிரான்ஸில் பனார் லெவாசோர் கம்பெனி 1891 வாக்கில் முன்னால் இன்ஜின், அடுத்து கிளட்ச், அதற்குப் பின் கியர், பின் சக்கரத்துக்கு ஓட்டம் என்று ஒரு வரிசையை அமைத்தது. பின்னால் வந்த பெரும்பாலான கார்கள் பல பத்தாண்டுகள் அந்த வரிசையைத்தான் பின்பற்றின. ஆரம்ப காலக் கிளட்ச் பலவும் தோல் போர்த்திய கூம்புகள். எண்ணெய் பட்டால் வழுக்கும், காய்ந்தால் வெடுக்கென்று பிடிக்கும். இன்றைக்கும் கிளட்ச் கெடுவது பெரும்பாலும் இந்த இரண்டு விதத்தில்தான்: பிடிக்காமல் போவது, விடாமல் போவது.

தோலுக்குப் பதில் வேறு பொருள் வந்த கதையும் ஒரு மலைப் பகுதியில்தான் தொடங்குகிறது. இங்கிலாந்தின் டெர்பிஷயர் குன்றுகளில் குதிரை வண்டிக்காரர்கள் இறக்கத்தில் பிரேக் கட்டையோடு பழைய பூட்ஸ் தோலை வைத்து அழுத்துவதை ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் பார்த்தார். அதைவிட நன்றாகப் பிடிக்கும் பொருளைச் செய்ய முயன்று 1897இல் அவர் தொடங்கியதுதான் ஃபெரோடோ நிறுவனம். பின்னாளில் பிரேக்கிலும் கிளட்ச் பிளேட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் வந்தது. சூடு தாங்கும், ஆனால் அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். பழைய வண்டியின் கிளட்சைப் பிரிக்கும்போது தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள் என்று தம்பிகளுக்குச் சொல்லிவைக்கிறேன்.

அடுத்தது கியர். ஆரம்பத்தில் பல்சக்கரங்களையே நகர்த்தி ஒன்றோடொன்று கோக்க வேண்டும். இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றாவிட்டால் கரகரவென்று பல் தேயும். 1910களில் டி.வி.சுந்தரம் அய்யங்கார் பஸ் விட்டபோதும், 1920இல் ஜி.டி.நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸோடு தொழிலைத் தொடங்கியபோதும் ஓட்டுநர்களுக்கு வாய்த்தது அந்த மாதிரி கியர்தான். அதற்குத்தான் டபுள் கிளட்ச். பெடலை மிதித்து நியூட்ரலுக்கு வர வேண்டும். பெடலை விட்டு, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதித்து, மறுபடி பெடலை மிதித்துக் கீழ் கியரைப் போட வேண்டும். எவ்வளவு மிதிப்பது என்று காதுதான் சொல்லும். நம் ஜீப் பெரியவர் இளமையில் லாரி ஓட்டிப் பழகியது இப்படித்தான். "கியருக்கு அவசரம் ஆகாது சார். அது கேக்குற வேகத்தைக் குடுத்தா தானா விழும்" என்பார்.

1928இல் அமெரிக்காவில் காடிலாக் கார்களில் சிங்க்ரோமெஷ் வந்தது. ஏர்ல் தாம்ஸன் என்பவரின் கண்டுபிடிப்பு. பல் கோப்பதற்கு முன்னால் ஒரு சிறு கூம்பு உரசி, இரண்டு பக்கத்து வேகத்தையும் சமமாக்கிவிடும். கியர் பாக்ஸுக்குள்ளே ஒரு குட்டிக் கிளட்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநரின் காது செய்த வேலையை அந்த வளையம் எடுத்துக்கொண்டது. நம் ஊரில் 1957இல் வந்த அம்பாசடரில் ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர் கம்பி. ஆரம்ப கால வண்டிகளில் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. அதனால்தான் பழைய டிரைவர்கள் வண்டி நின்ற பிறகே முதல் கியரைத் தொடுவார்கள். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. முன் கியர் எல்லாவற்றிலும் சிங்க்ரோமெஷ், தரையில் கியர் கம்பி. டபுள் கிளட்ச் தெரியாத தலைமுறை ஒன்று ஓட்டத் தொடங்கியது. அதில் நானும் ஒருவன்.

வசதி கூடியது நல்லதே. ஆனால் மலை மாறவில்லை. இதே ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தில் 1986இல் திறந்துவைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. கண்ணாடியைப் பெங்களூரில் தேய்த்து மெருகேற்றினார்கள். அவ்வளவு பெரிய கண்ணாடி என்றாலும் சரி, ஒரு மூட்டைப் புளி என்றாலும் சரி, மலை ஏற வேண்டுமென்றால் கிளட்சும் கியரும் நம்மைக் கைவிடக்கூடாது.

சரி, மாணவருக்கு என்ன சொன்னேன்? பெரியவர் எனக்குச் சொல்லித் தந்ததைத்தான். பிரிப்பதற்கு முன் கேள்வி கேள். வரலாற்றிலும் அப்படித்தானே? எப்போது, எங்கே, எந்த நிலையில் என்று கேட்காமல் தீர்ப்பு எழுதக்கூடாது.

முதல் கேள்வி: கிளட்ச் பிடிக்கிறதா? சமதரையில், முன்னால் யாரும் இல்லாத இடத்தில், ஹேண்ட் பிரேக்கை இழுத்து மூன்றாவது கியர் போட்டு, பெடலை மெதுவாக விடுங்கள். இன்ஜின் உடனே அணைய வேண்டும். அணையாமல் ஓடினால் பிளேட் வழுக்குகிறது. ஒரு தடவை போதும், திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமும் கருகும்.

இரண்டாவது: கிளட்ச் விடுகிறதா? இன்ஜினை அணைத்துவிட்டுக் கியர் போட்டுப் பாருங்கள். அப்போது சுலபமாக விழுந்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் விழ மறுத்தால், அல்லது பெடலை முழுக்க மிதித்து ஐந்து நொடி பொறுத்து ரிவர்ஸ் போட்டாலும் கரகரத்தால், கிளட்ச் முழுசாக விடவில்லை. கேபிள், கிளட்ச் ஆயில், சிலிண்டர் இவற்றை முதலில் பாருங்கள். செலவு குறைவு. இன்ஜின் அணைந்திருக்கும்போதும் கியர் இறுக்கமாக இருந்தால் கியர் கம்பி இணைப்பிலோ பாக்ஸிலோ கோளாறு.

மூன்றாவது: எல்லா கியரும் கரகரக்கிறதா, ஒன்று மட்டுமா? ஒன்று மட்டும் என்றால் பெரும்பாலும் அந்தக் கியரின் சிங்க்ரோமெஷ் வளையம் தேய்ந்திருக்கும்.

நான்காவது: சத்தம் எப்போது வருகிறது? பெடலை மிதித்தால் வந்தால் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் பெடலை விட்டிருக்கும்போது வந்து, மிதித்தால் நின்றால் கியர் பாக்ஸ் முன் பேரிங் மீது சந்தேகப்படலாம்.

இன்னொன்று. ஓடும்போது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தால், அந்த வண்டியில் மலை இறங்கவே இறங்காதீர்கள். இறக்கத்தில் பாதிப் பிரேக் கியர்தான். அது கழன்றால் முழு பாரமும் கால் பிரேக் மேல் விழும். பிரேக் சூடேறினால் பிடிக்காது. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

மாணவர் நேற்று மறுபடி கூப்பிட்டார். மூன்றாவது கியரில் பெடலை விட்டும் இன்ஜின் அணையவில்லையாம். கியர் பாக்ஸ் மேல் குற்றமில்லை. கிளட்ச் பிளேட்டும் பிரஷர் பிளேட்டும் மாற்றினார்கள், வேலை முடிந்தது. "சார், இப்ப ஏத்தத்துல நின்னா ஹேண்ட் பிரேக்தான் போடறேன்" என்றார்.

அந்த ஜீப் பெரியவர் இப்போது இல்லை. அன்றைக்கு இறக்கிப் போட்ட சாமை மூட்டைகள் மழையில் நனைந்து போயின. அதற்குக் காசு கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார். அவருக்குக் கடன்பட்டவன் என்ற முறையில் எழுதினேன். உங்கள் வண்டி இந்த மூன்று மாதமாக ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கிறதா? மலை ஏறுவதற்கு முன்னால் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.