கட்டம் போட்ட துணி போன வழி

வடசென்னையைப் படமெடுக்க வருகிறவர்கள் முதலில் தேடுவது கட்டம் போட்ட கைலியை. அதை மடித்துக் கட்டியவன் கையில் பெரும்பாலும் ஒரு கத்தியையும் கொடுத்துவிடுவார்கள். காசிமேட்டில் விடிவதற்கு முன் மீன் இறக்குகிறவர் இடுப்பில் இருப்பது அதே கைலிதான். எண்ணூரில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர் மாற்றிக்கொள்வதும், பழசானபின் பிள்ளைக்குத் தூளியாகத் தொங்குவதும் அதுதான். இந்தக் கட்டத்துணியின் கதை வன்முறைக் கதை மட்டும் என்று நம்பவைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் தீராத வருத்தம் உண்டு. நம் பேச்சில் ஒரு சொல்கூடத் தெரியாத எத்தனையோ ஜனங்கள் இந்தத் துணியைத் தங்கள் வீட்டுச் சொத்தாக வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

1639இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே இந்த மணற்கரையில் கோட்டை கட்ட இடம் பிடித்தபோது இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல் நடுக்கடலில் நிற்கும். சரக்கு மசூலாப் படகில் அலையைத் தாண்டிப் போகும். அவரை இழுத்தது துணி. மற்ற இடங்களைவிட இங்கே ஐந்தில் ஒரு பங்கு மலிவு என்று கணக்குக் கொடுத்தார். துணிக்காகவே வடக்குப் பக்கம் குடியிருப்புகள் வளர்ந்தன. வெளுப்பவர்கள் வண்ணாரப்பேட்டைக்கு வந்தார்கள். 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களையும் துணியில் சித்திரம் எழுதுகிறவர்களையும் திருவொற்றியூருக்குத் தெற்கே குடியமர்த்தினார். அதுதான் காலடிப்பேட்டை. அங்குள்ள கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலும் அந்தக் காலத்தோடு சேர்ந்ததே.

மெட்ராஸ் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வடக்கே ஆந்திரக் கரையிலிருந்தும் போன சரக்குகளில் ஒன்று, ஒரு கஜத்துக்கு ஒரு கஜம் சதுரம் வரும் கட்டத்துணி. கம்பெனிக்காரர்கள் அதை மெட்ராஸ் கைக்குட்டை என்றார்கள். நெய்த பிறகு அச்சடிப்பதில்லை. நூலுக்கே சாயம் ஏற்றி, பாவும் ஊடும் குறுக்கிடும் இடத்தில் கட்டம் விழ நெய்தார்கள். நீலத்துக்கு அவுரி. சிவப்புக்குச் சாயவேர், இம்பூரல் என்றும் சொல்வார்கள். இந்தக் கடலோர மணலில் விளைவது. சாயமும் கஞ்சியும் சேர்ந்து துணிக்கு ஒரு தனி வாசனை. பழவேற்காட்டில் டச்சுக்காரர்களும் இதே வியாபாரம்தான் செய்தார்கள். மலேசியாவில் ஆண்கள் வீட்டிலும் பள்ளிவாசலிலும் கட்டும் கட்டக் கைலிக்கு இன்றும் பழவேற்காட்டின் பெயர்தான்: பெலிக்காட்.

மேற்கு ஆப்பிரிக்காவுக்கு இந்தக் கட்டத்துணி போன விதம் கொடியது. பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டனுக்குப் போன இந்தியத் துணி, அங்கிருந்து ஆப்பிரிக்கக் கரைக்குப் போய், மனிதர்களை அடிமையாக வாங்கக் கொடுத்த விலையில் ஒரு பகுதியானது. மான்செஸ்டர் ஆலைகள் போலி செய்து அனுப்பியபோது, ஆப்பிரிக்கர்கள் சாயம் நிற்கவில்லை என்று தள்ளினார்கள். அசல் எது என்று கையும் மூக்கும் அவர்களுக்குச் சொல்லிவிடும்.

நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் கலபாரி மக்கள் இதை இஞ்சிரி என்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அவர்கள் வீட்டில் பாட்டி சேர்த்துவைத்த துணி பெட்டியில் இருக்கும். குழந்தை பிறந்தால் எடுப்பார்கள், சாவு விழுந்தால் எடுப்பார்கள். பெண்கள் கத்தி முனையால் சில இழைகளை மட்டும் அறுத்து உருவி, நெசவாளி நினைத்தே பார்க்காத வேறொரு கோலத்தைத் துணிக்குள் கொண்டுவருவார்கள். அதற்கு பெலெடெ பிடெ என்று பெயர். கைவேலை தெரிந்த இரண்டு கூட்டம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஒரே துணியில் வேலை செய்திருக்கிறது.

கரீபியனில் மர்த்தினிக், குவாதலூப் தீவுப் பெண்கள் இந்தக் கட்டத்துணியைத் தலைக்குக் கட்டினார்கள். அதன் பெயரே அங்கே மெட்ராஸ். முடிச்சின் முனை ஒன்றானால் மனசு யாரிடமும் இல்லை, மூன்றானால் கல்யாணம் ஆனவள் என்று ஒரு வழக்கு. அடிமைமுறை ஒழிந்தபின், 1853இலும் 1854இலும் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் அந்தத் தீவுகளில் இறங்கத் தொடங்கினார்கள். பேச்சு புரியாத ஊரில் அவர்கள் கண்ணில் பட்ட தெரிந்த பொருள் அந்தத் தலைத்துணியாகத்தான் இருந்திருக்கும்.

1958இல் அமெரிக்கா. துணி ஏற்றுமதியாளர் கேப்டன் கிருஷ்ணன் நாயர் விற்ற கட்டத்துணி, ஒரு இறக்குமதியாளர் வழியாக ப்ரூக்ஸ் பிரதர்ஸ் ஆடைக் கடைக்குப் போனது. சாயம் கசியும், குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக அலசவேண்டும் என்று நாயர் சொல்லித்தான் கொடுத்தாராம். அந்தச் சொல் வாடிக்கையாளர்களை எட்டவில்லை; சட்டைகள் சாயம்போய்ப் புகார் குவிந்தது. கடைசியில் சாயம் கசிவதையே பெருமையாக விளம்பரம் செய்து விற்றார்கள். ஆங்கிலம் பேசுகிறவர்கள் இரு பக்கமும் இருந்த வியாபாரத்தில் ஒரே ஒரு வாக்கியம் தவறிப்போனது. மொழியே தெரியாத கலபாரிப் பெண்கள் அந்த நூலை இழை இழையாக அறிந்திருந்தார்கள். துணியோடு வாழ்ந்தவர்களுக்குத்தான் அது புரிந்தது என்பது என் முடிவு.

இன்று ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை காதில் விழுவது தறிச் சத்தம் இல்லை; தண்டவாளச் சத்தமும் கன்டெய்னர் லாரிச் சத்தமும்தான். ஆனால் 2021 பிப்ரவரியிலிருந்து காலடிப்பேட்டைக்கு மெட்ரோ ரயில் வருகிறது. அந்த நிலையத்தில், போகிறவர் வருகிறவர் பார்க்கும் இடத்தில், கையால் நெய்த ஒரு கட்டத்துணியை வைக்கவேண்டும். பக்கத்தில் கலபாரிப் பெண்கள் இழை உருவிய துணி ஒன்றும் இருக்கட்டும். இரண்டும் எங்கிருந்து எங்கே போயின என்று தமிழில் பத்து வரி எழுதிவைத்தால் போதும். மெட்ரோ நிர்வாகமும் கைத்தறித் துறையும் அருங்காட்சியகத் துறையும் சேர்ந்து இதைச் செய்யவேண்டும்.