.32 லாங் ரிவால்வர் தோட்டா

ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனம் 1896-இல் அமெரிக்காவில் அறிமுகப்படுத்திய இத்தோட்டா, ஏறத்தாழ 7.9 மி.மீ. விட்டமுள்ள குண்டைக் கொண்டது. சுடும்போது துப்பாக்கி கையைப் பின்னோக்கித் தள்ளும் விசையாகிய பின்னுதைப்பு இதில் குறைவு என்பதாலும் குறி பிசகாது என்பதாலும் இலக்குச் சுடும் போட்டிகளில் இது மதிக்கப்பட்டது. ஆயினும் சில ஆண்டுகளிலேயே வந்த .38 ஸ்பெஷல் தோட்டாவைவிட இதன் ஆற்றல் குறைவாக இருந்தமையால், காவல் துறைகள் படிப்படியாக இதைக் கைவிட்டன.

இந்தியாவில் இதன் கதை வேறு. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்கீழ், படையினரும் காவலரும் பயன்படுத்திய .38, .455 போன்ற துளையளவுகள் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்டதால், உரிமம் பெற்றோர்க்கு .32 எஞ்சியது. கான்பூரிலுள்ள அரசு ஆயுதத் தொழிற்சாலை 2014-இல் பெண்களின் தற்காப்புக்கென வெளியிட்ட, ஏறக்குறைய 500 கிராம் எடையுள்ள ‘நிர்பீக்’ ரிவால்வரும் இத்தோட்டாவுக்கே உரியது. ஆனால் அதன் விலை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது, அதை வாங்கவும் உரிமம் வேண்டியிருந்தது. விழுப்புரம் போன்ற மாவட்டங்களில் ஆட்சியரிடம் விண்ணப்பித்து, காவல்துறை விசாரணைக்குப் பின்னரே உரிமம் பெற முடியும் என்ற நிலையில், எளிய பெண்களுக்கு அது எட்டாப் பொருளாயிற்று. இந்தியாவில் இத்தோட்டாவை நிலைநிறுத்தியது அதன் திறனைவிடச் சட்டமே எனலாம்.